அப்பாவுக்கு பிளேட்லெட் காலையில 41,000, சாயங்காலம் 1.86 லட்சம். எதை நம்புறது?

சயான்_கோலிவாடா எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு வயசு 67. ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்கு முந்தி எடுக்கிற வழக்கமான டெஸ்ட்ல சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) இப்படி வந்தது:

ஹீமோகுளோபின் 13.4
சிவப்பணு 45 லட்சம்
பிசிவி (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்) 39.6
எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) 88
வெள்ளையணு 11,900
பிளேட்லெட் 41,000

சர்ஜன் பார்த்ததும் "ஆபரேஷன் இப்போதைக்குக் கிடையாது, அட்மிட் பண்ணுங்க, பிளேட்லெட் ஏத்த வேண்டி வரலாம், டோனர் பார்த்து வச்சுக்கோங்க"ன்னுட்டார். அப்பா என்னடான்னா, திரும்பி வர்ற வழியில வடா பாவ் வாங்கித் தாடான்னு கேட்கிறார். காய்ச்சல் இல்ல. உடம்புல ஒரு சிவப்புப் புள்ளி இல்ல. பல்லு தேய்ச்சா ரத்தம் வரல.

மனசு கேட்காம சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்துல இன்னொரு லேப்ல கொடுத்தேன். ஹீமோகுளோபின் 13.2, வெள்ளையணு 7,400, பிளேட்லெட் 1.86 லட்சம்!

ஒரு பகல்ல ஒன்றரை லட்சம் எங்கேருந்து முளைக்கும்? ரெண்டுல எது புளுகுது? இந்த மெஷின் எதை, எப்படி எண்ணுதுன்னு தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. திங்கட்கிழமை சர்ஜனைப் பார்க்கணும்.

பாண்டுப்_பாண்டி எழுதியது:

யோசிக்கவே யோசிக்காதீங்க ப்ரோ. பப்பாளி இலைச் சாறு காலையில ரெண்டு ஸ்பூன், ராத்திரி ரெண்டு ஸ்பூன். கூட ஆட்டுப்பால். போன மழைக்கு எங்க சால்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) மூணு பேருக்கு இதுலதான் ஏறிச்சு. எங்க தெருமுனையில ஆட்டுப்பால் லிட்டர் என்ன விலைக்கு வித்துச்சுன்னு கேட்டா மயங்கி விழுந்துடுவீங்க.

பரேல்_சிஸ்டர் எழுதியது:

பாண்டி அண்ணா, அவருக்கு டெங்குவே இல்ல. காய்ச்சலே இல்லாத மனுஷனுக்கு எதுக்கு இலைச் சாறு? அந்த ஆட்டைக் கொஞ்சம் நிம்மதியா இருக்க விடுங்க.

மாட்டுங்கா_மாமா எழுதியது:

கோலிவாடா தம்பி, பதட்டப்படாதீங்கோ. ரிடையர் ஆகிற வரைக்கும் லேப்லயே குப்பை கொட்டினவன் நான். ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ.

ஒண்ணு, ரெண்டாவது லேப்ல ரத்தம் எடுத்த குழாயோட மூடி என்ன கலர்? ரெண்டு, முதல் ரிப்போர்ட்ல அடியில பொடி எழுத்துல ஏதாவது குறிப்பு இருக்கா?

அந்த வெள்ளையணு கணக்கு என்னை உறுத்தறது. பிளேட்லெட் குறைஞ்ச ரிப்போர்ட்ல வெள்ளையணு 11,900. பிளேட்லெட் ஏறின ரிப்போர்ட்ல அது 7,400 ஆயிடுத்து. இது சும்மா வராது.

சயான்_கோலிவாடா எழுதியது:

மாமா, முதல் லேப்ல ஒரே ஒரு ஊதா மூடி. ரெண்டாவது லேப்ல முதல் ரிப்போர்ட்டைக் காட்டினதும் அங்கிருந்த பையன் ஊதா ஒண்ணு, வெளிர் நீலம் ஒண்ணுன்னு ரெண்டு குழாய் எடுத்தான். அந்த ரிப்போர்ட் ஓரத்துல பேனாவால "1.69 × 1.1"னு எழுதியிருக்கு. அது என்ன கணக்குன்னு புரியல.

முதல் ரிப்போர்ட்ல அடியில "பிளேட்லெட் கட்டு உள்ளதா எனப் பார்க்கவும்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கு. அதுக்கு நேரா யாரும் எதுவும் எழுதல.

மாட்டுங்கா_மாமா எழுதியது:

முடிஞ்சது கதை. அந்தப் பையனுக்கு என் பேரைச் சொல்லி ஒரு கட்டிங் சாய் வாங்கிக் கொடுங்கோ. ஒழுங்கா வேலை கத்துண்டவன்.

ஊதா மூடிக்குள்ள இருக்கிறது இடிடிஏ. ரத்தம் உறையறதுக்கு கால்சியம் வேணும். இடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுண்டுடும், அதனால ரத்தம் கட்டாம நிக்கும். அணுக்களோட உருவம் கெடாது. அதனாலதான் சிபிசி-க்கு உலகம் பூரா ஊதா மூடி.

ஆனா ஆயிரத்துல ஒருத்தர் கணக்குல சிலரோட ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கும். கால்சியம் போனதும் பிளேட்லெட் மேல இருக்கிற ஒரு புரதம் உருவம் மாறும். இந்த ஆன்டிபாடி அதைப் போய்ப் பிடிச்சுக்கும். பிளேட்லெட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு கட்டுக் கட்டாப் போயிடும். இத்தனையும் நடக்கிறது குழாய்க்குள்ள மட்டும்தான். அப்பாவோட உடம்புல எதுவும் நடக்கலை. குழாய் எவ்வளவு நேரம் ஸ்டாண்ட்ல நிக்கறதோ அவ்வளவுக்கு எண்ணிக்கை இறங்கிண்டே போகும்.

மெஷின் என்ன பண்ணும்? இருபது பிளேட்லெட் ஒட்டின கட்டைப் பார்த்தா அதைப் பிளேட்லெட்டுன்னே அடையாளம் தெரியாது, கணக்குல விட்டுடும். கட்டு பெரிசா இருந்தா வெள்ளையணுன்னு நினைச்சு அந்தப் பக்கத்துல சேர்த்துடும். அதான் உங்க 11,900.

வெளிர் நீல மூடியில இருக்கிறது சோடியம் சிட்ரேட். பெரும்பாலானவாளுக்கு அதுல இந்தக் கட்டு விழாது. ஆனா அந்தக் குழாய்ல ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் இருக்கு. ரத்தம் அந்த அளவுக்கு நீர்த்துப் போறதால வந்த எண்ணிக்கையை 1.1-ஆல பெருக்கணும். 1.69-ஐப் பெருக்கிப் பாருங்கோ, 1.86 வரும்.

முதல் லேப் மேல எனக்குக் கோபம் மெஷின் தப்பு பண்ணினதுக்கு இல்லை. மெஷின் "கட்டு இருக்கா பாரு"ன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கு. ஒரு கண்ணாடித் துண்டுல ரத்தத்தை மெல்லிசா இழுத்து (அதான் ஸ்மியர்), லீஷ்மன் சாயம் போட்டு, ஓரத்துல பார்த்திருந்தா ஊதா ஊதாவாக் கொத்து தெரிஞ்சிருக்கும். பத்து நிமிஷ வேலை. அதைப் பண்ணாம 41,000-னு அடிச்சுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டா.

தாராவி_90அடி எழுதியது:

அண்ணாச்சி, லட்சக்கணக்குல மெஷினு வாங்கி வச்சிருக்கானுவ, எண்ணத் தெரியலைன்னா அது என்ன மெஷினு? எங்க தெருவுலயே நாலு லேப் இருக்கு, நாலும் நாலு கணக்குச் சொல்லுது. இதுல டாக்டருக்குக் கமிஷன் வேற. பேசாம அந்தக் காலத்து மாதிரி மனுஷனே எண்ணிரலாம்லா?

வாஷி_சர்வீஸ்_இன்ஜினியர் எழுதியது:

இந்த மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். பெரும்பாலான லேப்களில் இருக்கும் கவுன்ட்டர் அடிப்படையில் ஒரே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் என்பவர் 1953-ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. உப்புக் கரைசலில் மின்சாரம் ஓடும். நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு துளை. ரத்தத்தைப் பல மடங்கு நீர்க்க வைத்து அந்தத் துளை வழியாக இழுப்பார்கள். அணுவின் வழியே மின்சாரம் சரியாகப் பாயாது. அதனால் ஒவ்வொரு அணுவும் துளையைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் எகிறும். எத்தனை முறை எகிறுகிறதோ அத்தனை அணுக்கள். எவ்வளவு உயரம் எகிறுகிறதோ அந்த அளவுக்கு அணுவின் கன அளவு. அவ்வளவுதான் சங்கதி.

இங்கே கவனிக்க வேண்டியது, மெஷினுக்குச் "சிவப்பணு", "பிளேட்லெட்" என்றெல்லாம் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும். சிவப்பணுவும் பிளேட்லெட்டும் ஒரே அறையில் எண்ணப்படுகின்றன. சுமார் 2 முதல் 20 ஃபெம்டோ லிட்டர் (அணுவின் கன அளவைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) வரை இருந்தால் பிளேட்லெட், 36-க்கு மேல் போனால் சிவப்பணு என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். தாதர் ஸ்டேஷன் பாலத்தில் தலையைப் பார்க்காமல் நிழலின் நீளத்தை மட்டும் வைத்து ஆளை எண்ணுவது மாதிரி. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நடந்தால் ஒரு பெரிய ஆள். குழந்தையைத் தோளில் வைத்திருந்தால் கணக்கு கோவிந்தா.

ஆகவே தவறுகள் இரண்டு பக்கமும் வரும். பிளேட்லெட் கட்டுப் பிடித்தாலோ பிறவியிலேயே பெரிய உருவமாக இருந்தாலோ எண்ணிக்கை குறைத்துக் காட்டும். வங்காளத்திலும் வடகிழக்கிலும் இந்தப் பெரிய பிளேட்லெட் வாகு நிறையப் பேருக்கு உண்டு. அவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள், ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். மறுபக்கம், சிவப்பணு மிகவும் சிறுத்தோ துண்டு துண்டாக உடைந்தோ இருந்தால் அவற்றையும் பிளேட்லெட் என்று சேர்த்துக்கொண்டு கூட்டிக் காட்டும். இதுதான் உண்மையில் ஆபத்து. குறைந்திருப்பதை மறைத்துவிடும்.

வெள்ளையணுவுக்குத் தனி அறை. அங்கே சிவப்பணுக்களை மருந்து ஊற்றி உடைத்துவிடுவார்கள். உடைந்ததும் வெளியே வரும் ஹீமோகுளோபினை அங்கேயே, 540 நானோமீட்டர் வாக்கில் உள்ள பச்சை ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று அளப்போம். ஹீமோகுளோபின் ஒளியால் அளப்பது, அணுக்கள் மின்தடையால் எண்ணுவது. இரண்டும் வேறு வேறு வழி என்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி வர வேண்டும். கோலிவாடாவின் அப்பாவுக்கு 13.4 × 3 = 40.2, ரிப்போர்ட்டில் 39.6. அந்தப் பகுதி சுத்தம். அணுக்கள் வழக்கமான அளவில் இருக்கும்வரைதான் இந்த மூன்று மடங்குக் கணக்கு செல்லும்.

பிசிவி பற்றி இன்னொன்று. முன்பு ரத்தத்தை மெல்லிய குழாயில் போட்டுச் சுழற்றி, அடியில் படிந்த சிவப்பு எவ்வளவு உயரம் என்று அளந்தார்கள். அதிலிருந்து எம்சிவி-யைக் கணக்கிட்டார்கள். இப்போது தலைகீழ். மெஷின் எம்சிவி-யை நேரடியாக அளக்கிறது. பிசிவி கணக்குப் போட்டு வருவது. 45 லட்சம், 88, இரண்டையும் பெருக்கிப் புள்ளியை இடம் மாற்றினால் 39.6. செய்து பாருங்கள்.

மாட்டுங்கா_மாமா எழுதியது:

வாஷிக்காரர் அழகாச் சொல்லிட்டார். தாராவித் தம்பி, மனுஷனே எண்ணலாமான்னு கேட்டேளே, எண்ணினோம். அதைச் சொல்றேன்.

ரத்த அணு எண்ணறதுக்கு ரெண்டு பிப்பெட், அதாவது உறிஞ்சு குழாய். உள்ள குமிழ்ல ஒரு மணி உருளும். சிவப்பு மணி இருந்தா சிவப்பணு பிப்பெட், வெள்ளை மணி இருந்தா வெள்ளையணுவுக்கு. ரப்பர் குழாயை வாயில வச்சு உறிஞ்சி 0.5 கோட்டுல நிறுத்தணும். ஒரு முடி தாண்டினாலும் துடைச்சுட்டு மறுபடி. பக்கத்துல யாராவது சிரிக்க வச்சா ரத்தம் வாய்க்கே வந்துடும். வந்தும் இருக்கு, யாருக்குன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் நீர்க்க வைக்கிற ஹேயம் திரவத்தை 101 கோடு வரை இழுத்து உருட்டணும். நியூபௌர் அறைங்கிற கட்டம் போட்ட கண்ணாடியில ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்ல கட்டம் கட்டமா எண்ணணும். நடுக் கட்டத்துல அஞ்சு சின்னச் சதுரத்துல எண்ணினதை 10,000-ஆல பெருக்கினா சிவப்பணு. கோலிவாடா அப்பாவுக்கு 450 எண்ணியிருந்தா 45 லட்சம். வெள்ளையணுவுக்கு நாலு மூலையில எண்ணினதை 50-ஆல பெருக்கணும்.

ஹீமோகுளோபினுக்கு சாலி குழாய். அமிலத்துல 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டாப் பழுப்பாகும். பத்து நிமிஷம் வச்சுட்டு, பக்கத்துல இருக்கிற பழுப்புக் கண்ணாடியோட நிறம் ஒத்துப் போற வரை சொட்டுச் சொட்டா டிஸ்டில்ட் வாட்டர். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கணும். மேகம் மூடின ஜூலை மாசத்துல எல்லாருக்கும் அரை கிராம் கூடும்!

ஆனாலும் சொல்றேன், கடைசித் தீர்ப்பு ஸ்மியர்தான். மெஷின் எண்ணும். கண்ணு பார்க்கும்.

வாஷி_சர்வீஸ்_இன்ஜினியர் எழுதியது:

மாமா மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒத்துக்கொள்ள முடியாது. 450 அணு எண்ணினால், எண்ணுவதில் மட்டுமே 450-ன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 21 முன்னே பின்னே போவது இயற்கை. அது 5 சதவீதம். பிப்பெட், அறை, கண் இவற்றின் பிழை தனி. மெஷின் ஒரு தடவைக்கு எண்ணுவது பல்லாயிரம் அணுக்கள். சராசரி ஆளுடைய சாதாரண ரத்தத்துக்கு மெஷின் எண்ணிக்கையை மனிதக் கண் ஒருநாளும் எட்டாது.

ஸ்மியரில் பிளேட்லெட் எண்ணுவதும் மதிப்பீடுதான். எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைக்குச் சராசரி 12 இருந்தால் 15,000-ஆல் பெருக்கி 1.8 லட்சம் என்கிறீர்கள். ஸ்மியர் இழுத்த கை தடிமனாக இழுத்திருந்தால் 18 இருக்கும்.

மாட்டுங்கா_மாமா எழுதியது:

சாதாரண ரத்தத்துக்கு உங்க மெஷின்தான். நான் மறுக்கலையே. சாதாரணமா இல்லாத ரத்தத்துக்கு? முந்தியெல்லாம் மழைக்காலத்துல வைவாக்ஸ் மலேரியா ஸ்மியர்லதான் கண்ணுல பட்டது, பிளேட்லெட் குறைஞ்சிருக்கேன்னு பார்க்கப் போன இடத்துல. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூணுலயும் பிளேட்லெட் இறங்கும். எண்ணிக்கை மூணுக்கும் ஒண்ணுதான். கண்ணாடித் துண்டுல மலேரியாக் கிருமி உட்கார்ந்துண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பரேல்_சிஸ்டர் எழுதியது:

மாமா சொல்ற மழைக்காலக் கதைக்கே வர்றேன், ஏன்னா இதைப் படிக்கிற பாதிப் பேர் டெங்குவுக்காகத்தான் படிப்பீங்க.

வார்டுல சொந்தக்காரங்க எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்வி: "கவுன்ட் எவ்ளோ?" 80,000-னு சொன்னா முகம் சுருங்கும், 60,000-னா வாட்ஸ்அப்ல டோனர் கேட்டு மெசேஜ் போயிடும். பக்கத்துலயே பிசிவி-னு ஒரு எண் இருக்கு, அதை யாரும் கேட்கிறதில்ல. நாங்க அதைத்தான் பார்ப்போம்.

ரத்தத்துல ஏறக்குறைய 55 சதவீதம் பிளாஸ்மா, மிச்சம் அணுக்கள். பிளாஸ்மாவுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, அதுல ஆல்புமின் மாதிரி புரதம், உப்பு எல்லாம். டெங்குல ஆளைக் கொல்றது பெரும்பாலும் பிளேட்லெட் குறையறது இல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் கசிஞ்சு பிளாஸ்மா வெளியே போறதுதான். பிளாஸ்மா போனா மிச்ச ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். 38 இருந்தவருக்கு 46 ஆச்சுன்னா 20 சதவீதம் தாண்டியாச்சு, கசிவுன்னு அர்த்தம். இதுவும் எப்ப வரும்? காய்ச்சல் விடும்போது. "ஜுரம் இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போறோம்"னு நிக்கிற அதே நாள்ல.

ரத்தக்கசிவு இல்லாட்டி பிளேட்லெட் 10,000-க்குக் கீழ போற வரைக்கும் ஏத்த வேண்டியதில்லன்னுதான் நம்ம நாட்டு டெங்கு வழிகாட்டி நெறியே சொல்லுது. பாண்டி அண்ணா, உங்க சால்ல மூணு பேருக்கு ஏறினது உண்மை. இலை குடிக்காத பக்கத்து சால்லயும் அதே ஏழாம் எட்டாம் நாள் ஏறியிருக்கும், கேட்டுப் பாருங்க.

பாண்டுப்_பாண்டி எழுதியது:

பக்கத்து சால்காரன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல சிஸ்டர். தண்ணி டேங்கர் சண்டை.

செம்பூர்_சுபா எழுதியது:

சிறுத்த சிவப்பணுன்னு இன்ஜினியர் சார் சொன்னதால கேட்கிறேன். என் மருமகள் உல்லாஸ்நகர் சிந்திக் குடும்பம். கர்ப்பமா இருக்கிறப்ப ஹீமோகுளோபின் 11. "ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை"ன்னு ஒரு டாக்டர் மாசக்கணக்கா கொடுத்தார், ஏறவே இல்ல. அப்புறம் வேற டாக்டர்கிட்ட மாத்தினோம். அவர் ரிப்போர்ட்டை அப்படியே கையில வச்சுக்கிட்டு, சிவப்பணு 59 லட்சம், எம்சிவி 60-னு படிச்சுட்டு, 60-ஐ 5.9-ஆல (59 லட்சத்தைப் பத்து லட்சக் கணக்குல எழுதினா 5.9) வகுத்தார். பத்து சொச்சம். "இது இரும்புக் குறைபாடு மாதிரி தெரியல, தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய்க்குக் கேரியரா இருக்கலாம், உங்க பையனையும் டெஸ்ட் பண்ணணும்"னார். அப்படியே ஆச்சு. அந்த வகுத்தல் என்ன மந்திரம்?

மாட்டுங்கா_மாமா எழுதியது:

மென்ட்சர் கணக்கு, 1973-ல வந்தது. 13-க்குக் கீழ வந்தா தலசீமியா பக்கம், மேல வந்தா இரும்புக் குறைபாடு பக்கம். காரணம் சுலபம். இரும்பு இல்லேன்னா மஜ்ஜையால அணுவே நிறையப் பண்ண முடியாது. அணு சிறுத்தும் போகும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா கேரியருக்கு அணு சிறுசு, ஆனா எண்ணிக்கை தாராளம். ஹீமோகுளோபின் 11-ங்கிற ஒத்தை எண்ணை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. மேல ஒரு வரி ஏறிப் பார்த்தா ரெண்டும் வேற.

இது சந்தேகத்தைக் கிளப்பற கணக்குதான், தீர்ப்பு இல்லை. ஹீமோகுளோபின்ல ஏ2-ங்கிற வகை எத்தனை சதவீதம்னு எச்பிஎல்சி-ங்கிற டெஸ்ட்ல பார்த்துத்தான் முடிவு பண்ணணும். 3.5-க்கு மேல இருந்தா பெரும்பாலும் பீட்டா கேரியர். சிந்தி, பஞ்சாபி, லோகாணாக் குடும்பங்கள்ல இது அதிகம். பையனைப் பரிசோதிச்சது ரொம்பச் சரி. ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு முழுத் தலசீமியா வர.

செம்பூர்_சுபா எழுதியது:

ஏ2 5.2 வந்தது மாமா. பையன் நார்மல். பேத்திக்கு இப்ப ரெண்டு வயசு, வீட்டை ரெண்டாக்குறா.

ரத்தவங்கி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

ராத்திரி டியூட்டியில படிச்சேன். டோனர் தேடி ஓட்டம்னு வந்ததால ஒரு வார்த்தை.

பிளேட்லெட்டுன்னு கேட்டு வர்றவங்களுக்கு ரெண்டு வகை கொடுப்போம். ஒண்ணு, ஒரு பை ரத்தத்தைச் சுழற்றிப் பிரிச்சது. ஒரு யூனிட்டுக்கு 5,000-லேருந்து 10,000 வரைக்கும்தான் ஏறும். இன்னொண்ணு, ஒரே டோனரை மெஷின்ல உட்கார வச்சு பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்ச ரத்தத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. அது ஒரே பையில 30,000-க்கு மேல ஏத்தும். எதுவானாலும் 20-லேருந்து 24 டிகிரியில, ஓயாம ஆடிக்கிட்டே இருக்கிற தட்டுல, அஞ்சு நாள்தான். சிவப்பணுப் பை ஃபிரிட்ஜ்ல 35, 42 நாள் தாங்கும். பிளாஸ்மாவை உறைய வச்சா ஒரு வருஷம். அதனால "எதுக்கும் இருக்கட்டும்"னு பிளேட்லெட் எடுத்து வைக்கச் சொல்லாதீங்க. அஞ்சாம் நாள் குப்பைக்குத்தான் போகும். கோலிவாடா சார் அன்னைக்கே டோனரைக் கூட்டிட்டு வந்திருந்தா யாரோ ஒருத்தர் ரெண்டு மணி நேரம் ஊசியோட உட்கார்ந்திருப்பார், காத்துல கல்லெறிஞ்ச மாதிரி.

எங்க முகாம்ல ஹீமோகுளோபின் பார்க்கிற வழியைப் பார்த்திருக்கீங்களா? நீலமா மயில்துத்தக் கரைசல், அடர்த்தி 1.053. விரல்லேருந்து ஒரு சொட்டு. பதினஞ்சு வினாடிக்குள்ள மூழ்கினா 12.5-க்கு மேல, ரத்தம் கொடுக்கலாம். மிதந்தா டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். மெஷின் கிடையாது, கரண்ட் கிடையாது. எத்தனைன்னு சொல்லாது, போதுமா இல்லையான்னு மட்டும் சொல்லும். எங்களுக்கு அது போதும்.

தாராவி_90அடி எழுதியது:

இது நல்லாருக்கே! அண்ணே, பாம்பே குரூப்புன்னு ஒண்ணு சொல்லுதாவளே, அது நம்மூரு பேருதானா?

ரத்தவங்கி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

நம்மூர்தான். 1952-ல டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவங்களும் இங்க கண்டுபிடிச்சதால அந்தப் பேர். ஏ, பி ரெண்டுக்கும் அஸ்திவாரம் எச்-ங்கிற பொருள். இவங்களுக்கு அதுவே இல்ல. அணுவை மட்டும் சோதிச்சா 'ஓ'ன்னு காட்டும். அதை நம்பி 'ஓ' ரத்தம் ஏத்தினா விபரீதமாயிடும், ஏன்னா இவங்க பிளாஸ்மாவுல எச்-சுக்கு எதிரான ஆன்டிபாடி பலமா இருக்கும். அதனால எப்பவும் பிளாஸ்மாவையும் தெரிஞ்ச அணுக்களோட திருப்பிச் சோதிப்போம். 'ஓ' அணுவோடயும் ஒட்டிக்கிட்டா உடனே சந்தேகம் வரும். இந்தியாவுல சுமாரா 10,000 பேருக்கு ஒருத்தர்.

சயான்_கோலிவாடா எழுதியது:

சர்ஜனைப் பார்த்துட்டு வந்துட்டேன். சிட்ரேட் ரிப்போர்ட்டைக் காட்டினதும் ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் தன் முன்னாடியே மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார், ஊதாவும் நீலமும். கூடவே விரல்லேருந்து நேரா ஒரு ஸ்மியர். நீலத்துல 1.9 லட்சம், ஊதாவுல 63,000, ஸ்மியர்ல போதுமானதுன்னு வந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன். ஃபைல் அட்டை மேல சிவப்பு மையில "இடிடிஏ-வில் கட்டும், சிட்ரேட்டில் மட்டும் பார்க்கவும்"னு எழுதி வாங்கிட்டேன். அப்பாவோட பர்ஸ்லயும் ஒரு சீட்டு.

மீரா_ரோடு எழுதியது:

நல்ல இழை. என் அம்மாவுக்கு இன்னைக்குக் காலையில எடுத்த ரத்தத்துல பொட்டாசியம் 7.8, கால்சியம் 5.1. லேப்லேருந்து போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கங்கிறாங்க. அம்மா காய்கறி நறுக்கிட்டிருக்காங்க. இதுவும் குழாய்க் கோளாறா இருக்குமா மாமா?

மாட்டுங்கா_மாமா எழுதியது:

முதல்ல கிளம்புங்கோ, அப்புறம் படியுங்கோ. பொட்டாசியம் நிஜமாவே 7.8 இருந்தா இதயம் சொல்லாம நின்னுடும். ஈசிஜி எடுத்துண்டு, புதுசா ரத்தம் கொடுங்கோ.

வழியில படிக்கிறதுக்கு: ஊதாக் குழாய்ல இருக்கிற இடிடிஏ பொட்டாசியம் உப்பாத்தான் இருக்கும், கால்சியத்தையும் பிடிச்சுக்கும். முதல்ல ஊதாவை நிரப்பிட்டு அப்புறம் இந்த டெஸ்டுக்கான மஞ்சள் மூடிக் குழாயை நிரப்பினாலோ, மஞ்சள்ல ரத்தம் பத்தலைன்னு ஊதாவுலேருந்து கொஞ்சம் சாய்ச்சாலோ, பொட்டாசியம் ஏறி கால்சியம் இறங்கும். அதனாலதான் நீலம் முதல்ல, மஞ்சள் அடுத்தது, ஊதா அப்புறம்னு வரிசையே வச்சிருக்கா. பொட்டாசியமும் கால்சியமும் எதிரெதிராப் போயிருக்கிறதால எனக்கு அந்தச் சந்தேகம்தான். ஆனா என் சந்தேகத்தை நம்பி வீட்டுல உட்காராதீங்கோ.

மீரா_ரோடு எழுதியது:

ஈசிஜி நார்மல். புது ரத்தத்துல பொட்டாசியம் 4.4, கால்சியம் 9.2. அம்மா திட்டிட்டே ஆட்டோவுல வர்றாங்க.

மாட்டுங்கா_மாமா எழுதியது:

நல்லது. பழைய ரிப்போர்ட்ல ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் எவ்வளவுன்னு பாருங்கோ. அந்த என்ஸைமுக்குத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேணும், இடிடிஏ அதையும் பிடிச்சுக்கும். ஊதாவுலேருந்து சாய்ச்ச ரத்தம்னா அந்த எண்ணும் ரொம்பக் குறைஞ்சு கிடக்கும்.

மீரா_ரோடு எழுதியது:

12-னு போட்டிருக்கு மாமா. புதுசுல 84.